தேவாங்கு நன்றியுரை வாசித்த காலை

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது என்று எனக்குச் சொன்னது ஒரு காகம். மதியம் சோறு வைக்கும்போது மாடிச் சுவருக்கு வரும். தின்றுவிட்டு, தின்றதற்கு ஈடாக ஏதாவது சொல்லிவிட்டுப் போகும். இந்தக் கதையை அது பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. நானும் பல வருடங்களாக நம்பாமல் இருந்து வருகிறேன்.

காட்டில் பல்கலைக்கழகம் இருந்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கெங்கோ இருக்கிறது, காட்டில் இருந்தால் என்ன. புலி வேந்தராகவும் கரடி துணைவேந்தராகவும் இருந்தார்கள் என்பதையும் நம்புகிறேன். நான் பார்த்த சில நியமனங்களைவிட அது பொருத்தமாகவே படுகிறது. அங்கே செய்திமடலுக்கு ஆசிரியராக இருந்தது தான்தான் என்று காகம் சொல்கிறது. அதையும் ஏற்றுக்கொண்டேன். என்னால் நம்ப முடியாமல் போனது ஒரே ஓர் இடம். அது வரும்போது சொல்கிறேன்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விதிகள் உண்டு. வளாகத்துக்குள் யாரும் யாரையும் தின்னக்கூடாது என்பது முதல் விதி. வளாகத்துக்கு வெளியே நடப்பதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்பது அடுத்த விதி. அதற்கு அடுத்தது வருகைப்பதிவு பற்றியது. மாணவர்கள் மற்ற இரண்டையும்விட இதற்குத்தான் பயந்தார்கள். புலியிடமிருந்து ஓடித் தப்பலாம். வருகைப்பதிவிலிருந்து தப்பியவர் கிடையாது.

அங்கே செண்பகவடிவு என்று ஒரு தேவாங்கு படித்தாள். தேவாங்கு இரவில் விழித்திருக்கும் பிராணி. பகலில் அதை எழுப்பி நிறுத்தினாலும் நின்றபடியே தூங்கும். வகுப்புகள் எல்லாம் பகலில்தான். இதை யோசிக்காமலா சேர்ந்தாள் என்று கேட்கலாம். யோசித்துத்தான் சேர்ந்தாள். காட்டின் நடுவில் இருக்கும் நீர்க்குட்டைக்கு இரவுக் காவலராக இருந்த ஆந்தை ஓய்வு பெறப்போகிறார். அந்த வேலைக்குப் பட்டம் வேண்டும் என்று நிர்வாகம் புதிதாகச் சொல்லியிருந்தது. இரவு முழுக்க விழித்திருக்க வேண்டிய வேலைக்கு, பகல் முழுக்க விழித்திருந்து பட்டம் வாங்கியவர்தான் தகுதியானவர். இதில் முரண்பாடு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை, தேவாங்குகளுக்குக்கூட.

அவளுக்கு அந்த வேலை எதற்கு என்றால், வேலையோடு குடியிருக்க ஒரு மருதமரமும் கொடுப்பார்கள். அவளுடைய அம்மாவும் தம்பி தங்கைகளும் தார்ச்சாலையோரம் முள்ளடர்ந்த ஓர் உடைமரத்தில் இருந்தார்கள். ராத்திரியில் தேவாங்கு சாலையைக் கடக்கும் வேகமும் லாரி வரும் வேகமும் வேறு வேறு. ஏற்கெனவே அவள் அப்பா கடக்கப் போய்த் திரும்பவில்லை. அவர்களை மருதமரத்துக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் திட்டம். நியமன ஆணைகூடத் தயாராக இருந்தது. இந்தப் பருவத்திலேயே பட்டம் முடிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டாள். பாக்கி ஒரே தாள், நீர்நிலைப் பராமரிப்பு.

விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தது பேச்சித்தாய் என்ற காட்டுக்கோழி. சூரியன் எழுமுன் எழுந்துவிடும் பேச்சித்தாய்க்கும் சூரியன் எழும்போது படுக்கும் செண்பகவடிவுக்கும் ஒரு படுக்கை போதுமாக இருந்தது. ஒருத்தி எழுந்ததும் சூட்டோடு மற்றவள் படுப்பாள். விடுதிக் காப்பாளர் இதைச் சிக்கனத்துக்கு உதாரணமாகக் காட்டி, மற்ற அறைகளிலும் பாதிப் படுக்கைகளை எடுத்துப் போய்விட்டார்.

வகுப்பில் தூங்குவது அங்கே பிரச்சினையே இல்லை. எருமைப் பேராசிரியர் பாடம் எடுக்கும்போது பாதி வகுப்பு தூங்கும். நடுவில் அவரும் கொஞ்சம் தூங்கி, விட்ட இடத்துக்கு முன்னாலிருந்து மறுபடி தொடங்குவார். பிரச்சினை வாசலில் இருந்தது. வருகையைப் பதிவு செய்ய முகம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி மாட்டியிருந்தார்கள். அதன்முன் போய் நின்றால் கண்ணைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். செண்பகவடிவு தினமும் தட்டுத்தடுமாறி வந்து அதன்முன் நிற்பாள். காலை வெயிலில் அவளுக்குக் கண் திறக்காது. கருவி இனிமையான குரலில், தயவுசெய்து கண்களைத் திறக்கவும் என்று சொல்லும். காட்டிலேயே பெரிய கண்கள் உள்ளவளிடம் தினமும் இதைச் சொல்லியது அந்தக் கருவி. பிறகு, ஆள் வரவில்லை என்று பதிந்துகொள்ளும். அவள் உள்ளே போய் முதல் கிளையில் உட்கார்ந்து, வராதவளாகவே பாடம் கேட்பாள்.

பருவ முடிவில் வருகைக் குறைவு என்று சொல்லி அவளுக்கு ஹால் டிக்கெட் தர மறுத்தார்கள்.

மாணவர் நலத்துறைக்குப் போ என்று பேச்சித்தாய்தான் சொன்னாள். அப்படி ஒரு துறை இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது. வகுப்பு நடக்கும் நேரத்தில் மட்டும் அது திறந்திருக்கும். வகுப்பு முடிந்ததும் மூடிவிடுவார்கள். அதனால் அங்கே கூட்டம் என்பதே கிடையாது. பிரச்சினையே இல்லாத வளாகம் என்று காகம் செய்திமடலில் எழுதியிருந்தது அதை வைத்துத்தான்.

செண்பகவடிவு போனபோது சன்னலுக்குப் பின்னால் ஒரு மந்தி உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

“வரிசையில நில்லும்மா.”

“வரிசையே இல்லையே மேடம்.”

“நீ நின்னாத்தானே வரிசை வரும்.”

அவள் நின்றாள். வரிசை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மந்தி, அடுத்து யார் என்று கூப்பிட்டது.

மாணவர் நலத்துறையின் முதன்மையர் ஒரு மயில். பெயர் மயில்வாகனன். முனைவர். யாரும் அவர்மேல் ஏறியதில்லை, அவரும் யாரையும் சுமந்ததில்லை. ஆனாலும் அந்தப் பெயருக்கு ஏற்ற மரியாதையை எதிர்பார்த்தார். அவரைப் பற்றி நான் தப்பாகச் சொல்லப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். காகம் அவரைக் கேலி செய்யும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். செண்பகவடிவு தன் கதையைச் சொன்னபோது அவர் உண்மையாகவே அழுதார். மயிலுக்கு அழுகை வந்தால் தோகை தானாக விரியும். அது அவர் குற்றம் இல்லை.

அந்தச் சமயத்தில் வேந்தர் புலியார் ஒரு விருது அறிவித்திருந்தார். மாணவர்களுக்குச் சிறப்பாகத் துணைநின்ற அலுவலருக்கு மாணவர் துணைவர் விருது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். உதவி பெற்ற மாணவரை மேடையில் உயிரோடு காட்ட வேண்டும். உயிரோடு என்று ஏன் அழுத்திச் சொன்னார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் உதவி கேட்டு ஒரு மாணவர்கூட வராத துறையில் விருதுக்கு எங்கே போவது? மயில்வாகனன் அந்தக் கவலையில் இருந்தபோதுதான் செண்பகவடிவு வந்து நின்றாள். அவளுடைய கண்கள் அப்படிப்பட்டவை. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பட்டினி கிடந்ததுபோலத் தெரியும். பார்ப்பவருக்கு உதவி செய்யத் தோன்றும். குறைந்தபட்சம் படம் எடுக்கவாவது தோன்றும்.

மயில்வாகனன் ஓடினார். இதையும் சொல்லத்தான் வேண்டும். தேர்வாணையர் ஓர் ஆமை. சங்கடமான கேள்வி வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். மயில் அவர் முன்னால் போய் உட்கார்ந்து, தலை வெளியே வரும்வரை பசியோடு காத்திருந்தார். தலை வந்ததும் கேட்டார். தலை உள்ளே போனது. மறுபடி காத்திருந்தார். பிறகு துணைவேந்தர் கரடியாரிடம் போனார். கரடியார் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் கையெழுத்து வாங்கினார். தேன் எதுவும் கொடுக்கவில்லை என்று காகம் சத்தியம் செய்கிறது. வேறொரு நாள், கொஞ்சமாகத்தான் கொடுத்தார் என்றும் சொல்லியிருக்கிறது. எப்படியோ, ஹால் டிக்கெட் வந்துவிட்டது. முத்திரை குத்திய அரசிலை. செண்பகவடிவு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பகலிலேயே கண்ணைத் திறந்து பார்த்தாள்.

மயில்வாகனனுக்கு விருது என்று முடிவானது. விருது விழாவுக்கு வேந்தர் ஒரு தேதி கொடுத்தார். அது அவளுடைய தேர்வு நாள். நேரமும் காலைதான், தேர்வு நடக்கிற அதே நேரம்.

இது எப்படி நடந்தது என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு மரபு உண்டு. தேர்வுக் குழு என்று ஒன்று. விழாக் குழு என்று ஒன்று. இரண்டிலும் கரடியார், ஆமையார், பதிவாளர் காட்டுப்பன்றி, மயில்வாகனன் என்று அதே ஆட்கள்தான். ஒரு குழுவில் பேசியதை இன்னொரு குழுவில் சொல்லக்கூடாது, அது ரகசியத்தை மீறுவது. ஒரே நாளில் காலையில் ஆலமரத்தடியில் தேர்வுக் குழு கூடி நாள் குறித்தது. எல்லாரும் எழுந்து, டீ குடித்து, இடம் மாறி உட்கார்ந்தார்கள். அது விழாக் குழு ஆனது. வேந்தரின் தேதியைக் காட்டுப்பன்றி வாசித்தபோது ஆமையாருக்கு என்னவோ நெருடியதாம். ஆனால் தேர்வு என்பது அந்தக் கூட்டத்தின் பொருளில் இல்லாததால் தலையை இழுத்துக்கொண்டார். விழா அந்த நாளிலேயே என்று ஒருமனதாக முடிவானது.

செண்பகவடிவு அழைப்பிதழைப் பார்த்ததும் நலத்துறைக்கு ஓடினாள். மயில்வாகனனுக்கும் அப்போதுதான் உறைத்தது. விழாக் குழுவில் இருந்தபோது தேர்வுக் குழுவில் இருந்தது அவருக்கு ஞாபகம் வரவில்லை. உடனே ஆமையிடம் போனார். கேள்வித்தாள் எழுதியாயிற்று, தேதியை மாற்ற முடியாது என்று ஓட்டுக்குள்ளிருந்தே பதில் வந்தது. காட்டுப்பன்றியிடம் போனார். புலியாரிடம் போய்த் தேதியை மாற்றச் சொல்ல யார் போகிறீர்கள் என்று காட்டுப்பன்றி திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அந்தக் காட்டில் பதில் கிடையாது.

மயில்வாகனன் திரும்பி வந்து அவளை உட்கார வைத்துச் சொன்னார். தேர்வு தொடங்க முதல் மணி அடிக்கும். தாமதமாக வருகிறவர்களுக்காகக் கொஞ்ச நேரம் கதவு திறந்திருக்கும். இரண்டாவது மணி அடித்தால்தான் மூடுவார்கள். விழா அதற்கெல்லாம் முன்னாலேயே தொடங்கிவிடும்.

“உன்னைத்தான் முதல்ல பேச விடச் சொல்லியிருக்கேன். வந்து நாலு வார்த்தை சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போயிரும்மா. விழா மேடையிலேர்ந்து பாத்தா தேர்வு மண்டபம் தெரியும். பக்கம்தானே.”

“சரி சார்.”

“என்ன பேசணும்னு நீ கவலைப்படாதே. எழுதியே கொடுத்திடுவாங்க.”

அன்று மாலை விடுதி அறையில் பேச்சித்தாய்க்குப் படுக்கும் நேரம், செண்பகவடிவுக்கு எழும் நேரம். அந்தக் கொஞ்ச நேரம்தான் இருவரும் சேர்ந்து விழித்திருப்பார்கள்.

“ஏட்டி, சொல்லுதேன் கேளு. விழாவுக்குப் போவாத. நேரா தேர்வுக்குப் போயிரு.”

“அவரு இல்லைன்னா இந்த ஹால் டிக்கெட்டே இல்லட்டி.”

“ஹால் டிக்கெட் வாங்கித் தந்தது தேர்வு எழுதத்தானே. மேடையில விசிறிக்கிடவா?”

“போகலைன்னா நன்றி கெட்டவன்னு சொல்ல மாட்டாங்களா?”

“சொல்லிட்டுப் போறாங்க. நன்றி கெட்டவ பாஸாயிருவா. உங்கம்மை மருதமரத்துல உக்காந்துக்கிட்டு, எம்மக நன்றி கெட்டவன்னு பெருமையாச் சொல்லுவா.”

செண்பகவடிவு சிரித்தாள். ஆனால் யோசித்துப் பார்த்ததில் அவளுக்குத் துணிவு வரவில்லை. ஏதோ காரணத்தால் தேர்வில் தேறாமல் போனால், மறுபடி உதவி கேட்கப் போகும் இடம் அதே சன்னல்தான். அங்கே மந்தி, நீ அன்னைக்கு விழாவுக்கு வராதவதானே என்று கேட்கும். மேலும், நாலு வார்த்தைதானே. பக்கம்தானே.

விழா நாள் வந்தது. வேந்தர் தாமதமாக வந்தார். காகம் இதற்கு மூன்று விதமாகக் காரணம் சொல்லியிருக்கிறது. வழியில் ஒரு திறப்பு விழா இருந்தது. வழியில் ஒரு கடமான் இருந்தது. திறப்பு விழாவிலேயே கடமான் இருந்தது. எது உண்மையோ, அவர் வந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் விளக்கேற்றினார்கள். குயில் கடவுள் வாழ்த்துப் பாடியது. எல்லாச் சரணங்களையும் பாடியது.

அதன்பின் செண்பகவடிவு எழுந்திருக்கப் பார்த்தாள். மயில்வாகனன் காட்டுப்பன்றியிடம் குனிந்து ஏதோ சொன்னார். காட்டுப்பன்றி நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். மாணவி முதலில் பேச முடியாது. நன்றி என்பது பாராட்டுக்குப் பின்னால்தான் வரவேண்டும். பாராட்டே நடக்கவில்லை, அதற்குள் எதற்கு நன்றி என்று வேந்தர் கேட்டால் என்ன பதில் சொல்வது? இது நியாயமாகவே பட்டதால் மயில்வாகனன் உட்கார்ந்துவிட்டார்.

பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி தொடங்கியது. வேந்தருக்குக் கரடியார் போர்த்தினார். கரடியாருக்குக் காட்டுப்பன்றி போர்த்தினார். காட்டுப்பன்றிக்கு ஆமையார் போர்த்த வேண்டும், அவர் எட்டும்வரை காத்திருந்தார்கள். வாங்கி வைத்திருந்த பொன்னாடைகள் குறைவு. அதனால் போர்த்தியவுடன் கழற்றி மேடைக்குப் பின்னால் கொடுக்க, அங்கே ஒரு கீரி அதை மடித்துத் தட்டில் வைத்து மறுபடி முன்னால் அனுப்பியது. ஒரே பொன்னாடையை வேந்தர் இரண்டு முறை வாங்கினார், இரண்டாவது முறையும் வியப்படைந்தார். மயில்வாகனனுக்குப் போர்த்தியபோது அவருக்கு உணர்ச்சி பெருகித் தோகை விரிந்துவிட்டது. பொன்னாடை அதன்மேல் கூடாரம்போல நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

செண்பகவடிவை மேடையில் ஒரு பெரிய நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கால் தரையில் படவில்லை. மடியில் ஹால் டிக்கெட். பேசியவர்கள் எல்லாரும் அவளைப் பற்றித்தான் பேசினார்கள். தாங்கள் பேச வந்தது ஹால் டிக்கெட்டைப் பற்றி என்பதால் அது என்ன, எதற்கு, எப்படி வாங்குவது என்பதிலிருந்து தொடங்கினார்கள். கரடியார் வாழ்த்துரையின் நடுவில் இருந்தபோது தேர்வு மண்டபத்தில் முதல் மணி அடித்தது. கரடியார் ஒரு விரலை உயர்த்தி நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“கேளுங்கள். இப்போது அடிக்கிற இந்த மணி யாருக்காக அடிக்கிறது? இதோ உட்கார்ந்திருக்கும் செண்பகவடிவு போன்ற ஏழை மாணவிகளுக்காக அடிக்கிறது.”

கைதட்டல் ஓயவே இல்லை. படம் எடுப்பவர் அவளிடம் ஹால் டிக்கெட்டை உயர்த்திக் காட்டச் சொன்னார். காட்டினாள். இன்னும் கொஞ்சம் மேலே என்றார். மேலே காட்டினாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் மண்டபத்தின் கதவு திறந்திருப்பது தெரிந்தது. தாமதமாக வந்த ஒரு முயல் உள்ளே ஓடுவதும் தெரிந்தது.

ஒருவழியாக அவளைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்திருந்த உரை பல தாள்கள். அவள் முதல் தாளை வாசித்தாள். அந்த வெயிலில் அவளுக்கு எழுத்தெல்லாம் நீந்தின. முதல் தாள் முடிந்ததும் மற்றவற்றை மடித்துவிட்டு, நன்றி வணக்கம் என்று தானாகவே சொல்லிவிட்டு, படியில் ஒரு காலை வைத்தாள்.

வேந்தர் புலியார் மிகவும் கனிவாகச் சொன்னார்:

“ஏம்மா, இன்னும் தாள் இருக்கே. வாசிம்மா. நல்லா வாசிக்கிற.”

நான் நம்பாத இடம் இதுதான்.

அவளை யாரும் பிடிக்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. புலி உறுமக்கூட இல்லை, அவர் அன்றைக்கு ஏற்கெனவே சாப்பிட்டிருந்தார். முன்னால் பாதை திறந்து கிடந்தது. கதவும் திறந்திருந்தது. எழுதவேண்டிய தேர்வு, போகவேண்டிய மருதமரம், சாலையோரத்தில் இருக்கும் அம்மா, எல்லாம் அந்தப் பக்கம் இருக்கின்றன. இந்தப் பக்கம் இருப்பது சில தாள்களும் ஒரு பாராட்டும். ஒரு பிராணி எந்தப் பக்கம் போகும்? பிராணிகளுக்கு நம்மைவிட அறிவு கூட என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். மனிதர்கள் என்றால் நம்பியிருப்பேன். நானே எத்தனையோ கூட்டங்களில் எழுந்துபோக நினைத்து, எழுந்தால் நாற்காலி சத்தம் கேட்குமே என்று உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் தேவாங்கு அப்படிச் செய்திருக்காது என்று நம்ப விரும்பினேனோ என்னவோ.

காகத்திடம் கேட்டால், அந்த நேரத்தில் அவள் மயில்வாகனனைப் பார்த்தாள் என்கிறது. அவர் பாதி எழுந்தார். போம்மா என்று சொல்ல வாயைத் திறந்ததுபோல இருந்தது. அப்போது பொன்னாடை நழுவியது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சில நாள் இந்தப் பகுதியைக் காகம் சொல்லாமலே விட்டுவிடும். சோறு குறைவாக இருக்கும் நாட்களில் கட்டாயம் சொல்லும்.

செண்பகவடிவு படியில் வைத்த காலை எடுத்தாள். தாள்களைப் பிரித்தாள். அவசரமாக வாசித்தால் அவமரியாதையாகத் தெரியும் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அவளைப் போலவே மெதுவாக. நடுத்தாளில் இருக்கும்போது இரண்டாவது மணி அடித்தது. மணி அடித்து முடியும்வரை நிறுத்தினாள். பிறகு விட்ட வரியிலிருந்து தொடர்ந்தாள். உரையின் கடைசி வரி இது: இந்த உதவி மட்டும் கிடைத்திருக்காவிட்டால், இன்று நான் தேர்வு எழுதியிருக்கவே முடியாது.

வேந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேர்வு மண்டபத்தின் வாசலில் கண்காணிப்பாளராக நின்றது ஓர் உடும்பு. பிடித்தால் பிடித்ததுதான். ஆனாலும் நல்லவர். தாமதத்துக்கு என்ன காரணம் என்று விசாரித்தார். அவள் சொன்னாள். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு யோசனை சொன்னார்.

“நேரா மாணவர் நலத்துறைக்குப் போம்மா. அங்க மயில்வாகனன்னு ஒருத்தர் இருக்காரு. இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் ஓடியாடி உதவி செய்வாரு.”

தேர்வு முடிந்து பேச்சித்தாய் வெளியே வந்தபோது செண்பகவடிவு வாசலருகில் ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தாள். தூங்கவில்லை. உள்ளே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சித்தாயும் தேர்வை அரைகுறையாகத்தான் எழுதியிருந்தாள்.

“நன்றி கெட்டவன்னு யாராச்சும் சொன்னாங்களாட்டி?”

“இல்ல. எல்லாரும் கை தட்டினாங்க.”

“பொறவென்ன. சந்தோசமா இரு.”

சொல்லிவிட்டுப் பேச்சித்தாய் திரும்பி நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதே கிளையில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இரவுக் காவலர் வேலை ஒரு மைனாவுக்குப் போனது. பட்டம் இருந்தது. அந்தி சாய்ந்ததும் தூங்கிவிடும், காலையில் எழுந்து, இரவு எந்த அசம்பாவிதமும் இல்லை என்று அறிக்கை கொடுக்கும். மருதமரத்தில் மைனாவின் மாமனார் வீட்டார் குடிவந்தார்கள்.

மயில்வாகனன் அவளைக் கைவிடவில்லை. விருது விழாவால் தேர்வைத் தவறவிட்ட மாணவி என்பது அதுவரை யாருக்கும் வராத பிரச்சினை. அதற்காக மறுபடி ஆமையின் முன்னால் போய் உட்கார்ந்தார். அடுத்த பருவத்தில் துணைத்தேர்வுக்கு அனுமதி வாங்கினார். அடுத்த வருடமும் அவருக்கே விருது. இந்த முறை செண்பகவடிவு தேர்வும் எழுதினாள், தேறினாள். காலிப்பணியிடம்தான் இல்லை. அதற்குள் அவள் வாசிப்பின் புகழ் பக்கத்துக் காடுகளுக்குப் பரவிவிட்டது. பாராட்டு விழா எங்கே நடந்தாலும் உதவி பெற்ற மாணவியாக அவளையே அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்டார்கள். கடைசியில் நலத்துறையிலேயே ஏற்புரையாளர் என்று ஒரு பணியிடத்தை உருவாக்கி அவளை அமர்த்தினார்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை. பகலில் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை என்பதால் அவளுக்கும் வசதிதான். குடியிருப்பு மட்டும் கிடையாது. அவள் வீட்டார் அதே சாலையோரத்து உடைமரத்தில்தான் இருக்கிறார்கள். எல்லாரும் இல்லை.

இந்த இடத்தில் காகம் அலகைச் சுவரில் தேய்த்துவிட்டுப் பறந்துபோகும். நான் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே வருவேன். பல வருடங்களாக இப்படித்தான்.

ஆனால் போன வாரம் ஒன்று கவனித்தேன். வேந்தரின் சிறப்புரையில் ஒரு வரிகூடக் காகத்துக்கு ஞாபகம் இல்லை. விருதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் விழிக்கிறது. புலி ஏன் தாமதமாக வந்தது என்பதையே ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்கிறது. செண்பகவடிவின் நன்றியுரையை மட்டும் முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறது. ஒப்பிக்கும்போது சில இடங்களில் நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறது. அந்த வரி எனக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

அன்றைக்கு ஒப்பித்து முடித்ததும் மிச்சச் சோறு இருந்த இலையை என் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டேன்:

“அந்தப் பிள்ளைக்கு நாலு வார்த்தை போதும்னுதானே மயில் சொன்னாரு. அதை இவ்வளவு நீளமா எழுதிக் கொடுத்தது யாரு?”

நீதி: நன்றி சொல்ல நேரம் இல்லாதவர்கள் உதவி கேட்கக்கூடாது. தேர்வெழுத நேரம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், அவர்களுக்கு உதவத் தனியாக ஒரு துறை இருக்கிறது.